மூட்டை முடிச்சும் கடற்காற்றும்

பாபநாசத்துக்கு வருகிறவர்கள் திருப்பாலைத்துறைக் கோயிலில் சுவாமி தரிசனம் செய்துவிட்டு, அங்கே நிற்கும் பழைய நெற்களஞ்சியத்தையும் பார்க்காமல் போவதில்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சையை நாயக்க மன்னர்கள் ஆண்ட காலத்தில், செங்கல்லால் வட்டமாக எழுப்பி மேலே கூம்பு வைத்து முடித்த கட்டடம் அது. இன்று அதற்குள் நெல் இல்லை. ஆனால் அதைக் கட்டியவர்களின் புத்தி எங்கள் ஊரை விட்டுப் போகவில்லை என்பது என் அபிப்பிராயம். எதையும் நிறையச் சேர்த்து, இறுக்கி அடைத்து, மூடி வைத்தால்தான் எங்களுக்கு நிம்மதி. குடமுருட்டிக் கரையில் இப்படி நெல்லை அடைத்தவர்களின் சந்ததிகள் பிரயாணம் கிளம்பினால் பெட்டி என்ன கதியில் இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

ரயிலில் போகிற வரையில் இந்தக் குணத்தால் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. இரண்டாம் வகுப்பில் 35 கிலோ, படுக்கை வகுப்பில் 40 கிலோ வரையில் இனாமாக எடுத்துப் போகலாம் என்று ரயில்வே விதி தாராளமாகவே இருக்கிறது. மிஞ்சினதை ஆசனத்துக்கு அடியில் தள்ளிவிட்டு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். கடல் பிரயாணம் அப்படியல்ல. அங்கே நம் மூட்டையை நம்மிடமிருந்து பிரித்து எங்கோ வைத்துவிடுகிறார்கள். கப்பலோ தன் இஷ்டப்படி கிளம்புவதில்லை. காற்றின் இஷ்டப்படி கிளம்புகிறது. மூட்டை ஓரிடம், மனிதன் ஓரிடம், கப்பல் ஓரிடம் என்று நிற்கும்போதுதான் எந்தச் சாமானை எங்கே வைத்தோம் என்ற கேள்விக்கு உயிர் வருகிறது.

சென்ற கோடை விடுமுறையில் என் சின்ன அத்தையை அழைத்துக்கொண்டு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போய்வந்தேன். அத்தைக்கு எழுபத்தாறு வயது. அவளுடைய அக்காள், அதாவது என் பெரிய அத்தை, யாழ்ப்பாணத்தை அடுத்த அளவெட்டியில் இருக்கிறாள். எங்கள் குடும்பம் பரம்பரையாக நாதஸ்வரக் குடும்பம். நான்தான் பள்ளிக்கூடத்து வாத்தியாராகிக் குலத்தொழிலைக் கைவிட்டேன். தஞ்சை ஜில்லாவின் மேளக்காரர்களுக்கும் அளவெட்டி, இணுவில் கலைஞர்களுக்கும் கொண்டு கொடுத்த உறவு பழமையானது. அந்த உறவில்தான் பெரிய அத்தை 1963-ஆம் வருஷத்தில் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிப் புக்ககம் போனாள். மறு வருஷம் டிசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்த கப்பலும் 1980-களில் நின்றது. யுத்தம் வந்தது. அக்காளும் தங்கையும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது 1982-ல்.

இப்போது பெரிய அத்தைக்குக் கண் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. இருக்கிற பார்வையும் எத்தனை மாதம் நிற்குமோ என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்தச் செய்தி வந்த அன்றே சின்ன அத்தை, "கிளம்புடா தம்பி" என்றாள். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். "ஆகாயத்திலே போகிற வயசா எனக்கு? நாகப்பட்டினத்திலிருந்துதான் கப்பல் போகிறதாமே!" என்று முடித்துவிட்டாள்.

கப்பல் போவது உண்மைதான். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி 'செரியாபாணி' என்னும் கப்பல் முதன்முதலாக நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் போயிற்று. அந்தத் தொடக்க விழாவே 10-ஆம் தேதி என்றும் 12-ஆம் தேதி என்றும் தள்ளித் தள்ளி நடந்தது. கப்பல் ஒரு வாரம் ஓடுவதற்குள் வடகிழக்குப் பருவக் காற்று எழும்பவே, பிரயாணம் நின்றது. 2024 ஆகஸ்ட் 16-ல் 'சிவகங்கை' என்ற கப்பல் மறுபடி தொடங்கியது. அதுவும் அந்த வருஷம் மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில்தான் திரும்பவும் கிளம்பியது. தூரம் சுமார் 110 கிலோமீட்டர். நாலு மணி நேரத்துப் பிரயாணந்தான். ஆனால் பாக் ஜலசந்தி ஆழமில்லாத கடல். அப்படிப்பட்ட இடத்தில் காற்று பிடித்தால் அலை நீண்டு உருளாமல் குட்டையாகவும் செங்குத்தாகவும் நெருங்கி நெருங்கி எழும். நூற்றைம்பது பேர் உட்காரும் சிறு கப்பலுக்கு அது ஆகாது. ஆகவே இந்தக் கப்பலை நம்பிப் போகிறவர்கள் பஞ்சாங்கத்தில் நாள் பார்ப்பதோடு வானிலை அறிக்கையையும் பார்த்தாக வேண்டும்.

நாகைக்கு இது புதிதல்ல. எங்கள் பாட்டனார் பினாங்கில் கிராணி வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் தஞ்சை ஜில்லாவிலிருந்து மலாய் நாட்டுக்குப் போனவர்களைக் கேட்டால் 'ரஜூலா' என்ற பெயரைத்தான் சொல்வார்கள். 1926-ல் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரையில் ஓடியது; ஆயிரக்கணக்கான ஜனங்கள் அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடியே கடல் தாண்டினார்கள். அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பல உயிர்களைப் பலி வாங்கியது. தமிழ்நாட்டுக்கும் மலாய் நாட்டுக்கும் இடையே ஓடிய பிரயாணிக் கப்பல் அதோடு முடிந்தது.

ரஜூலாவைப் போன்ற பெரிய கப்பல் நாகையில் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மனிதர்களும் மூட்டைகளும் படகில் ஏறிப் போய்ச் சேரவேண்டும். கடல் கொந்தளித்தால் படகு போகாது. படகு போகாவிட்டால் கப்பல் கண்ணுக்குத் தெரிந்தும் பிரயோசனமில்லை. அப்படிக் காத்துக் கிடந்தவர்களுக்குச் சத்திரங்களும் கோயில் மண்டபங்களுமே புகலிடம்.

பாட்டனாரின் தகரப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதன் மூடியில் பாதி கிழிந்த காகிதச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. "பிரயாணத்தில் வேண்டாம்" என்று பொருள்படும் ஆங்கில வாசகம். அக்காலத்துக் கப்பல் கம்பெனிகள் பிரயாணியின் சாமான்களை இப்படித்தான் பாகுபாடு செய்தன. பிரயாணத்தில் வேண்டாதது கப்பலின் அடிவயிற்றுக்குப் போய்விடும். கரை சேருகிறவரையில் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பிரயாணத்தில் வேண்டியது நடுவழியில் கேட்டால் எடுத்துத் தரக்கூடிய அறையில் இருக்கும். மூன்றாவது, கையோடு வைத்துக்கொள்வது. இதைவிடச் சிறந்த ஏற்பாட்டைப் பிற்காலத்தார் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கட்சி.

இந்த மூன்று வகையையும் நான் கரும்பலகையில் எழுதாத குறையாக அத்தைக்கு விளக்கினேன். ரத்த அழுத்த மாத்திரை, டாக்டர் சீட்டு, பாஸ்போர்ட், மூக்குக் கண்ணாடி, மாற்றுப் புடவை ஒன்று, இரண்டு நாளைக்குப் பசி தாங்கும் பலகாரம் ஆகியவை தோள் பையில். மாத்திரை எட்டு நாளைக்கு அல்ல, பதினைந்து நாளைக்கு. மற்றவை எல்லாம் நீலப் பெட்டியில். நீலப் பெட்டிதான் யுத்தகளமாயிற்று. அக்காளுக்குப் பட்டுப் புடவை. கும்பகோணம் பாத்திரக் கடையில் வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கு. ஊரார் கொண்டுவந்து கொடுத்த வடாம், வற்றல், ஊறுகாய். இவற்றின் நடுவில் 1963-ல் எடுத்த கல்யாணப் போட்டோ, கண்ணாடிச் சட்டத்தோடு. போட்டோவைத் தோள் பையில் வைக்கலாம் என்றேன். "பையிலே வைத்தால் இடிபட்டு உடையும். புடவை மடிப்பிலேதான் பத்திரம்" என்று அத்தை தானே மடித்து வைத்தாள். வில் தராசில் மாட்டிப் பார்த்தேன். குத்துவிளக்கு பாபநாசத்திலேயே நின்றது.

இலவசமாக எவ்வளவு எடை கொண்டுபோகலாம் என்பது இந்தக் கப்பலில் ஒரே கணக்கில் நின்றதில்லை; போகிறவர்கள் டிக்கெட் வாங்குகிற அன்றே கேட்டுக்கொள்வது உத்தமம்.

பெரிய தகராறு விதை நெல்லினால் வந்தது. எங்கள் வயலில் விளைந்த மாப்பிள்ளைச் சம்பாவில் ஒரு படி விதைக்கென்று கட்டி வைத்திருந்தாள் அத்தை. அக்காள் வீட்டுக் கொல்லையில் முளைக்கவேண்டுமாம். விதையோ செடியோ மண்ணோ அனுமதிச் சீட்டில்லாமல் இலங்கையில் இறக்கக்கூடாது. 1999-ஆம் வருஷத்துப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. பயிருக்கு வரும் பூச்சியும் நோயும் இப்படிப் பிரியத்தோடு கட்டிக் கொடுத்த முடிச்சுகளில்தான் தேசம் விட்டுத் தேசம் போகின்றன என்று நான் சொன்னதை அத்தை நம்பவில்லை. "நம் நெல்லிலே என்னடா நோய்?" என்று கேட்டாள். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, அவலாக இடித்துவிட்டாள். முளைக்கிற சக்தி போயிற்று; வாசனை இருந்தது.

நாகை சேர்ந்த அன்று மாலையே டெலிபோனில் செய்தி வந்தது. காற்று பலமாக இருப்பதால் மறுநாள் கப்பல் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. அளவெட்டியில் ஐந்து நாள் தங்குவதாக ஏற்பாடு. பள்ளிக்கூடம் திறக்கும் தேதியோ நகராது. ஐந்து மூன்றாயிற்று. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. விடுதியின் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கடல் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷத்துக்கு மேல் காத்தவளுக்கு இரண்டு நாள் பெரிதா என்று யாராவது கேட்கலாம். பார்வை குறைந்துவரும் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு வேறு.

அவள் மனத்தைத் திருப்ப ஊரைச் சுற்றிக் காட்டினேன். நீலாயதாக்ஷி அம்மன் சந்நிதிக்கும் நாகூர் தர்காவுக்கும் போனோம். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் இங்கே சூடாமணி விகாரம் கட்டியதையும், அதற்கு ஆனைமங்கலம் கிராமம் தானமான விவரத்தை 21 செப்பேடுகளில் பொறித்ததையும் சொன்னேன். டச்சுக்காரர்கள் 1658 முதல் 1781 வரையில் நாகையை ஆண்டார்கள். அந்தச் செப்பேடுகள் ஹாலந்துக்குப் போய், லெய்டன் நகரத்துச் சர்வகலாசாலையில் பல தலைமுறைகள் தங்கின. "போன சாமான் திரும்பி வர அவ்வளவு காலமா!" என்று அத்தை ஆச்சரியப்பட்டாள். நம் நீலப் பெட்டியை உத்தேசித்துத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

விடுதியில் எங்களைப் போலவே காத்திருந்தவர்களில் சென்னையைச் சேர்ந்த இளம் தம்பதிகள் இருந்தார்கள். உல்லாசக் கப்பல்களில் போய்ப் பழகினவர்கள். நம் பக்கத்திலும் அந்த வழக்கம் வந்துவிட்டதே! 2022 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து அப்படி ஒரு கப்பல் கிளம்பியபோது, புதுச்சேரியில் பிரயாணிகள் இறங்க அனுமதி கிடைக்கவில்லை; மறு வருஷம் அதே கப்பல் காங்கேசன்துறைக்கும் வந்துபோயிற்று. தம்பதிகள் சொன்ன விவரங்களை வாசகர்களுக்கு உபயோகப்படுமென்று குறித்துக்கொண்டேன். உல்லாசக் கப்பலில் ஏறுமுன் துறைமுகத்திலேயே பெட்டியை வாங்கிக்கொண்டுவிடுகிறார்கள். அது அறை வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகும். சில சமயம் இரவாகும். அதுவரையில் கட்டின துணிதான். இறங்குகிற நாளைக்கு முந்தின இரவும் பெட்டியை வாசலுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். மறுநாள் உடுத்தவேண்டியதையும் சேர்த்துப் பெட்டியில் பூட்டி வெளியே வைத்துவிட்டு, இரவு உடையோடு கரையிறங்கிய புண்ணியவான்கள் உண்டாம்!

இன்னொரு சமாசாரம்: கப்பல் யாருக்காகவும் நிற்காது. விமானத்திலோ ரயிலிலோ வந்து கப்பலேறுகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே துறைமுகத்துக்கு வந்து தங்கவேண்டும். விமானத்தில் பெட்டி வராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். 1999-ஆம் வருஷத்து மாண்ட்ரீல் உடன்படிக்கையில் இந்தியா 2009-ல் சேர்ந்தது. அதன்படி சர்வதேச விமானத்தில் 21 நாளுக்குள் வந்து சேராத பெட்டி தொலைந்ததாகவே கருதப்படும். தாமதமாக வந்த பெட்டிக்கு நஷ்ட ஈடு கேட்க 21 நாள் தவணை. உடைந்து வந்ததற்கு 7 நாள்தான்.

2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் நடந்த சம்பவத்தைப் பத்திரிகைகளில் பலர் படித்திருப்பார்கள். அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் உல்லாசக் கப்பல் சாவோ தோமே தீவில் நின்றபோது, எட்டுப் பேர் தனியாக ஊர் பார்க்கப் போய் நேரங்கழித்துத் திரும்பினார்கள். கப்பல் அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பியது. அடுத்த துறைமுகத்தில் பிடித்துவிடலாமென்று தேசம் தேசமாக அலைந்து காம்பியாவுக்குப் போனால், அங்கே நீர்மட்டமும் பருவநிலையும் சரியில்லாமல் கப்பல் துறைக்குள் வரவில்லை. கடைசியில் செனகல் நாட்டில்தான் ஏறினார்கள். அவர்களில் ஒருவர் இருதய நோயாளி. மருந்தோ கப்பல் அறையில் இருந்தது. இந்தக் கதையைக் கேட்டதும் அத்தை தன் தோள் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் காற்று தணிந்தது. கடுவையாற்று முகத்துவாரத்தைத் தாண்டியதும் கப்பல் கொஞ்சம் ஆடியது. அத்தை வாயில் இஞ்சித் துண்டை அடக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுப்பகலில் தாழ்ந்த கரையும் பனைமரங்களும் தென்பட்டன.

காங்கேசன்துறைக்கு அந்தப் பெயர் வந்த கதை பிரயாண மூட்டைகளைப் பற்றியதுதான். மாருதப்புரவீகவல்லி என்னும் சோழ ராஜகுமாரி, முகம் குதிரை முகமாகிவிட, கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிப் பழைய உருவம் பெற்றாளாம். அந்த நன்றிக்காக மாவிட்டபுரத்தில் கோயில் எழுப்பத் தொடங்கினாள். அவளுடைய தகப்பன் சோழ நாட்டிலிருந்து காங்கேயன் என்னும் முருகப் பெருமானின் விக்கிரகத்தைக் கப்பலில் அனுப்பினான். அது வந்து இறங்கின துறைதான் காங்கேசன்துறை. சுவாமியே இங்கே கப்பல் சாமானாக வந்தவர்! அவர் குறித்த நாளில் வந்து சேர்ந்தாரா என்று ஸ்தல புராணம் சொல்கிறதோ இல்லையோ, அத்தை கரையில் கால் வைத்ததும் மாவிட்டபுரம் இருக்கும் திசையை விசாரித்துக் கும்பிட்டாள்.

சுங்கச் சோதனை முடிந்தது. அவலை ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. நீலப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அளவெட்டி போய்ச் சேர்ந்தோம். அக்காளும் தங்கையும் சந்தித்ததை நான் எழுதப்போவதில்லை. எழுத வராது. சற்று நேரங்கழித்துப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே குழந்தைச் சட்டைகளும், ஆண்பிள்ளைச் செருப்பும், ஒரு டஜன் சாம்பிராணிப் பொட்டலமும் இருந்தன!

அதே நிறம், அதே அளவு. துறைமுகத்தில் யாரோ எங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போக, அவருடையது எங்களிடம் வந்திருக்கிறது. அந்தப் பெட்டியில் பெயர்ச் சீட்டு கிடையாது. கயிறு மட்டும் தொங்கிற்று. பெரிய அத்தை, "சாமான் கிடக்கட்டும், நீ வந்தாயே" என்றாள். சின்ன அத்தை பேசவில்லை. மாத்திரை தோள் பையில் பத்திரமாக இருந்தது. நேரம் தவறாமல் விழுங்கினாள். ஆனால் போட்டோ?

எங்கள் பெட்டியின் வெளிப்பக்கத்திலும் மூடியின் உட்புறத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சீட்டு எழுதி ஒட்டியிருந்தேன். பாபநாசத்து விலாசத்தை எழுதவில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் கடிதம் வந்தென்ன, டெலிபோன் அடித்தென்ன? போய்ச் சேரும் அளவெட்டி வீட்டின் விலாசத்தையும் அந்த வீட்டு டெலிபோன் எண்ணையுமே எழுதியிருந்தேன். பாட்டனாரின் தகரப் பெட்டியிலும் பினாங்கு விலாசந்தான் இருக்கிறது. ஊர்ப் பெயரைக் காணோம்.

இரவு எட்டு மணிக்கு டெலிபோன் அடித்தது. நல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாலிபர். "ஐயா, உங்கட பெட்டி என்னிட்ட வந்திட்டுது. குழந்தையின்ர உடுப்பெல்லாம் உங்களிட்டத்தானே?" என்றார். மறுநாள் விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தம்முடையதை வாங்கிக்கொண்டார். அவலில் ஒரு பங்கு அவர் குழந்தைக்குப் போயிற்று.

போட்டோவின் கண்ணாடியில் ஒரு மூலை விரிந்திருந்தது. படத்துக்கு ஒன்றுமில்லை. பெரிய அத்தை அதை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்து, வெயில் படுகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். முகத்துக்கு வெகு அருகில் பிடித்து, விரலை வைத்து நகர்த்தினாள். "இது அப்பா. இது திருவாலங்காட்டு மாமா. இது யார், தவிலுக்குப் பின்னாலே நிற்கிறது?"

"நான்தான்" என்றாள் சின்ன அத்தை.

"நீயா! இத்தனை குள்ளமாகவா இருந்தாய்?" என்று சிரித்தாள் பெரிய அத்தை. பிறகு அவலை வாயில் போட்டு மென்றுகொண்டே, "மாப்பிள்ளைச் சம்பாவாச்சே, விதையாகக் கொண்டுவரக் கூடாதோ?" என்று கேட்டாள். சின்ன அத்தை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் கிணற்றடிக்கு எழுந்து போனேன்.